எம்.பி.யின் கடிதம்

போன கிழமை பக்கத்து வீட்டு டிலானி வந்து ஒரு சேலை இரவல் கேட்டாள். அவள் வேலை செய்யும் இடத்தில் பல்லினப் பண்பாட்டு நாளாம். ஒவ்வொருவரும் தங்கள் தேசிய உடையில் வரவேண்டுமாம். "அன்ரி, கொஞ்சம் ட்ரடிஷனலா இருந்தா நல்லம், பட் நொட் டூ ஹெவி" என்றாள். கனடாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "எந்தத் தேசத்து உடுப்பெண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?" என்று கேட்டேன். "ஐ டோன்ற் நோ அன்ரி, சாறி எண்டு சொல்லுவன்" என்றாள்.  

கட்டிலுக்குக் கீழே கிடந்த சூட்கேசை இழுத்துத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் குப்பென்று மூக்கில் ஏறியது. மேலே இருந்த நீலச் சேலையைக் கொடுத்து அனுப்பினேன். அடியில் இருந்த கடுகு மஞ்சள் சேலையை அவள் கண்டு ஆசைப்பட்டாள், நான் கொடுக்கவில்லை. அதன் கரையோடு ஒரு சாண் உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. மாசி மாதத்தில் இந்த ஊரில் சேலை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் வேறென்ன நடக்கும்? பனி கரையக் கொட்டுகிற உப்பு அப்படியே ஏறிவிடும். எத்தனையோ தரம் தோய்த்துப் பார்த்துவிட்டேன், போகாது.

அது எண்பத்தேழு மாசி. அந்தக் காலத்து என்னை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேலே சிவப்பு நிறத்தில் இரவல் ஜக்கெற், கீழே ஆம்பிளைகளின் பனிச் சப்பாத்து, நடுவில் சேலை. தலையில் மல்லிகை கிடையாது என்பதால் பிளாஸ்ரிக் பூ. அந்தக் கோலத்தில் அஜின்கோர்ட் என்ற எங்கள் பகுதியில் பஸ்ஸுக்கு நின்றோம், நாற்பது பேர். எங்களைத் தாண்டிப் போன காரெல்லாம் மெதுவாகிப் பார்த்துவிட்டுப் போயின.

ஏன் நின்றோம் என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் குணம் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எண்பத்துநாலில் இங்கு வந்து, பிளாஸ்ரிக் போத்தலுக்கு மூடி பூட்டுகிற ஒரு பக்டரியில் சேர்ந்து, அவருடைய வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். அவர் அதே வருடம் லண்டனிலிருந்து வந்தவர். பதினாலு வருடம் அங்கே இருந்து, அங்கத்தைய ஒரு பெரிய கட்சிக்கு மழைக்குள்ளும் குளிருக்குள்ளும் வீடு வீடாய்க் கதவு தட்டிய மனிதர். மனைவியின் சகோதரங்கள் இங்கே இருந்ததால் வந்தாரே தவிர, மனம் வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தால் பிரித்தானிய அரசியல்தான். அவருடைய கட்சி உடைந்ததாம், பாதிப் பேர் எழும்பிப் போய்ப் புதுக்கட்சி தொடங்கினார்களாம், மிச்சப் பாதி போனவர்களைத் திட்டித் திட்டியே ஒரு தேர்தலைத் தோற்றதாம். எனக்கு அதில் ஒரு இழவும் விளங்காது. வாடகை வீட்டுக்காரர் என்பதால் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் விளங்கியது. "எங்களைப்போல நிறம் உள்ள ஆக்களுக்குக் கட்சிக்குள்ள ஒரு பிரிவு வேணுமெண்டு கேட்டம் பிள்ளை" என்பார். "நாங்கள் எல்லாரும் தோழர்தானே, உங்களுக்கேன் வேறயா ஒண்டு எண்டாங்கள். அதே ஆக்கள்தான் கிறிஸ்மஸ் பார்ட்டிக்கு, உன்ர மனுசியை அந்தச் சாறியோட கூட்டிக்கொண்டு வா எண்டாங்கள்." இதைச் சொல்லும்போது சிரிப்பார். 

என் கதைக்கு வருகிறேன். ஊரில், பருத்தித்துறைக்குப் பக்கத்தில், அம்மாவும் தம்பி வசந்தனும் இருந்தார்கள். அப்பா முன்னமே போய்விட்டார். வசந்தனுக்குப் பதினெட்டு வயது. அந்த வயதுப் பெடியனை அந்த நாட்களில் வீட்டில் வைத்திருப்பது எப்படியென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆமி பிடித்தாலும் போனான், இயக்கத்துக்குப் போனாலும் போனான். அம்மாவின் கடிதம் ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: தம்பியை எப்படியாவது எடுத்துப்போடு. அவனோ அதே கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பனிமனிதனைக் கீறி, அதற்குச் சாரம் கட்டிவிட்டு, "அக்கா, உங்கட ஊரில உவர் இப்பிடித்தான் நிக்கிறவரோ" என்று எழுதியிருப்பான். பகிடிக்காரன்.

எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் அவனைக் கூப்பிடுவதற்குரிய படிவத்தை எடுத்து வந்து நிரப்பினேன். தை மாதம் அது. ஒரு பிழை விடாமல் நிரப்பி, படம் ஒட்டி, உறைக்குள் வைத்து, முத்திரையும் ஒட்டிவிட்டேன். மேலே போய்க் குணம் அண்ணையிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வடிவாய் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"உந்தப் படிவத்தை இப்ப அனுப்பாதை."

"ஏன் அண்ணை?"

"எம்.பி.ன்ர கடிதம் ஒண்டு எடுத்து மேல வைச்சு அனுப்பினாத்தான் பாப்பாங்கள். இல்லாட்டி குவியலோட குவியல். லண்டனில நான் கண்ணால கண்டனான். ஊருக்குத் திருப்பிப் பிளேனில ஏத்திவிட இருந்த பெடியனை எங்கட எம்.பி. ஒரு ரெலிபோனில மறிச்சவர்."

அவர் சொன்னது பொய்யல்ல. அங்கே அப்படி நடந்துதான் இருக்கிறது. எனக்கோ அவர் சொல்லவே தேவையில்லை. ஊரில் நான் எழுதுவினைஞர் வேலை எடுத்ததே, அப்பா எங்கள் தொகுதி எம்.பி. வீட்டு வாசலில் மூன்று நாள் காத்து நின்று வாங்கிய ஒரு துண்டுக் கடிதத்தால்தான். ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கொண்டு போனவர். எம்.பி.யின் கடிதம் இல்லாத விண்ணப்பம் குப்பைக்குப் போகும் என்பது நான் தாய்ப்பாலோடு குடித்த அறிவு. கனடாவிலும் பாராளுமன்றம் இருக்கிறது, மகாராணி இருக்கிறா, எம்.பி. இருக்கிறார். எம்.பி. என்றால் எல்லா இடத்திலும் எம்.பி.தானே என்று நினைத்தேன். உறையைக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டிக்கு மேல் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் இங்கே எங்கள் தொகுதி எம்.பி.க்கு அவருடைய கட்சிக்குள்ளேயே ஒரு எதிராளி முளைத்தான். அடுத்த தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று கட்சி அங்கத்தவர்கள் ஒரு மண்டபத்தில் கூடி வாக்களிக்க வேண்டுமாம். அதற்கு ஆள் வேண்டும். எங்களிடம் வேறொன்றும் இல்லாவிட்டாலும் ஆள் இருந்தது. குணம் அண்ணை பழைய உற்சாகத்தோடு வீடு வீடாய்ப் போய் எங்களை அங்கத்தவர் ஆக்கினார். அது எந்தக் கட்சி என்று எங்களில் அரைவாசிப் பேருக்குக் கடைசி வரை தெரியாது. தேசிய உடையில் வந்தால் நல்லது என்று எம்.பி.யின் ஆட்கள் சொல்லி அனுப்பினார்கள். அப்படித்தான் அந்தச் சேலையும் சப்பாத்தும்.

மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் எதிராளியின் ஆட்களும் சும்மா வரவில்லை. அவர்களும் தங்கள் ஊர் உடுப்போடும் மேளத்தோடும் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களும் குளிரில் எங்களைப் போலவே நடுங்கினார்கள். குணம் அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "லண்டனில பிரிவு கேட்டும் தரேல்ல. இஞ்ச கேக்காமலே பஸ் தாறாங்கள்."

குத்துவிளக்கு ஏற்றக் கூடாது, நெருப்புச் சட்டமாம் என்று மண்டபக் காவலாளி மறித்துவிட்டான். ஏற்றாத விளக்கைச் சுற்றி நின்று தேவாரம் பாடினோம். நாலு பிள்ளைகள் கோலாட்டம் ஆடினார்கள். எம்.பி.க்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் உயர்ந்த, சிவந்த, நல்ல சிரிப்புள்ள மனிதர். உங்களுடைய பண்பாடு இந்த நாட்டை அழகாக்குகிறது என்று பேசினார். உண்மையாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். வாக்களித்தோம். அவர் வென்றார். பொன்னாடையோடு எங்கள் பக்கம் வந்தபோது குணம் அண்ணை என்னை முன்னால் தள்ளி, தம்பியின் விஷயத்தைத் தன்னுடைய லண்டன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். எம்.பி. என் இரண்டு கையையும் பிடித்தார். உதவியாளரிடம் வசந்தனின் பெயரை எழுதச் சொன்னார். கடிதம் எழுதுகிறேன் என்றார். பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், நீங்களே பாருங்கள் என் புத்தியை.

பங்குனி போனது. சித்திரை போனது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் கதவடியில் கடிதம் கிடக்கிறதா என்று பார்ப்பேன். குணம் அண்ணை எம்.பி.யின் அலுவலகத்துக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தார். எழுதுகிறோம் என்றார்கள். படிவத்தின் மேல் தூசி படிந்தது. குளிர்ப்பெட்டியைத் துடைக்கும்போது அதையும் துடைத்துத் திரும்ப வைப்பேன்.

பக்டரியில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் ராணி, மட்டக்களப்புக்காரி. அவளும் தன் தம்பியை எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வேலை, மண்டபத்துக்கு வரக் கிடைக்கவில்லை. கடிதத்துக்கு வழியில்லாமல் போச்சே என்று நான் அவளுக்காக மனவருத்தப்பட்டவள். சித்திரை முடிவில் ஒரு நாள் அவள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "என்ர தம்பிக்கு கொழும்புல இன்ரவியூவுக்கு வரச் சொல்லிட்டாங்க. எனக்கு இஞ்ச ஆரைத் தெரியும்? நான் சும்மா தபால்ல போட்டுட்டன்."  அன்று பின்னேரமே போய்க் குணம் அண்ணையிடம் சொன்னேன். "அது ஏதோ தற்செயல். எங்கட வரும், பொறு பிள்ளை" என்றார். பொறுத்தேன். அவர் என் கையைப் பிடித்து வைத்திருக்கவில்லை. தபால்பெட்டி எங்கள் தெரு முனையில்தான் இருந்தது. உறையை அதில் போடாதவள் நான்தான்.

வைகாசிக் கடைசியில் எங்கள் வடமராட்சிப் பகுதிக்குள் ஆமி வந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் செல் விழுந்தது. அம்மா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தா. வசந்தன் தண்ணீர் அள்ளப் போயிருந்தான். கொழும்பில் இருந்த மாமா எடுத்த ரெலிபோன் ஆனி தொடக்கத்தில் வந்தது. நான் மேல் வீட்டில் நின்று அதைக் கேட்டேன். குணம் அண்ணை ரிசீவரை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை.

எம்.பி.யின் கடிதம் அதற்கு அடுத்த கிழமை வந்தது. அன்று குணம் அண்ணை மேசையில் பேப்பரை விரித்து வைத்திருந்தார். லண்டனில் தேர்தல் முடிந்திருந்தது. அவருடைய கட்சி திரும்பவும் தோற்றிருந்தது. ஆனால் கறுப்பும் மண்ணிறமுமாய் நாலு பேர் பாராளுமன்றத்துக்குப் போயிருந்தார்கள். பதினாலு வருடம் அவர் கதவு தட்டியது அதற்காகத்தான். நான் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். என்னால் வாசிக்க முடியவில்லை. அவர் வாசித்தார். நல்ல கடுதாசி, நல்ல ஆங்கிலம். எங்கள் சமூகத்தின் பங்களிப்புக்கு நன்றி. தாமதத்துக்கு மன்னிப்பு. இப்படியான விண்ணப்பத்துக்கு எம்.பி.யின் கடிதம் எதுவும் தேவையில்லை. படிவத்தை நிரப்பி நேரே குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும், எல்லோருடைய விண்ணப்பத்தையும் ஒரே விதமாய்த்தான் பார்ப்பார்கள்.

"லண்டனில..." என்று தொடங்கினார்.  பேப்பரை நாலாய், எட்டாய் மடித்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அரசியல் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. ராணியின் தம்பி அந்த வருட இலையுதிர்காலத்தில் வந்து இறங்கினான். விமான நிலையத்துக்கு நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா?

தை மாதமே அனுப்பியிருந்தால் வசந்தன் வந்திருப்பானா? வந்திருப்பான் என்று சொல்ல ஆளில்லை. வந்திருக்க மாட்டான் என்று எனக்குச் சொல்லவும் ஆளில்லை. இரண்டு வருடம் கழித்து அம்மாவை எடுத்தேன், கடிதம் ஒன்றும் இல்லாமல். வந்த அன்றே அம்மா கேட்டா: "தம்பியை எடுக்கேலாமப் போனது எம்.பி.ன்ர கடிதம் பிந்தினதாலதானே பிள்ளை?" நான் வாயைத் திறக்க முன் குணம் அண்ணை சொன்னார்: "ஓம் அக்கா, ஒரு கிழமை பிந்திப்போச்சு." நானும் ஓம் என்றேன். பிறகு எப்போது கேட்டாலும் ஓம்தான். அந்த எம்.பி. பிறகு ஒரு தேர்தலில் தோற்றது கேள்விப்பட்டு அம்மா உண்மையாகவே கவலைப்பட்டா.

அந்த மண்டபம் இப்போது இல்லை, அங்கே முப்பது மாடி நிற்கிறது. பக்டரி மெக்சிக்கோவுக்கோ எங்கேயோ போய்விட்டது. எம்.பி.யின் துண்டுக் கடிதத்தை நம்பிய தலைமுறையும் போய்விட்டது. டிலானிக்கு எல்லாம் ஃபோனில் இரண்டு அழுத்து. குணம் அண்ணை போய்ப் பன்னிரண்டு வருடம். அம்மா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தா. கடைசியாய் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வெள்ளைக்காரன் பாவம், எங்களுக்காக எவ்வளவு ஓடித் திரிஞ்சிருப்பான். ஒரு கார்ட் போட்டு நன்றி சொல்லு பிள்ளை" என்றா. போடுகிறேன் என்றேன். அதன் பிறகு அதைப் பற்றி என்னிடம் கேட்க ஒருவரும் இல்லை. வசந்தனுக்காக ஒரு வெள்ளைக்காரன் ஓடித் திரிந்தான் என்று நம்பவும் ஒருவரும் இல்லை.