பாக்கியசீலன் அண்ணாச்சி வெட்டிச் சேர்த்த படம்

பாக்கியசீலன் அண்ணாச்சியைப் போல ஒரு பிடிவாதக்காரரைப் பாளையங்கோட்டையில் நான் பார்த்ததில்லை. முப்பத்துநான்கு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் உட்கார்ந்து கோப்புகளுக்கு எண் போட்டவர். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆன பிறகும், வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையின் மேல் மூலையில் வந்த தேதியை எழுதி, கீழே சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் அலமாரியில் வைப்பார். எந்தத் தாளையும் கடைசி வரிவரை படிக்காமல் கட்டோடு சேர்க்க மாட்டார். 'பார்வையிட்டேன்' என்று எழுதினால் பார்வையிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வேதாந்தம்.

நான் ஹெப்ரான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு, கோயிலில் அவருக்குப் பின்வரிசை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும், அவருக்கு வராது. அதனால்தான் இருபத்தைந்து வருடப் பழக்கம் ஓடியது என்று என் மனைவி சொல்வாள்.

அவருடைய மனைவி யூனிஸ் மைனி போன வருடம் ஜனவரியில் இறந்துபோனார்கள். எங்கள் சபையில் முதல் வருட நினைவு நாளன்று வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்துவது வழக்கம். போதகர் வந்து ஜெபிப்பார், சொந்தபந்தங்கள் சாட்சி சொல்வார்கள், பிறகு சாப்பாடு. இப்போது கொஞ்ச வருடமாக அதற்கு முன்னால் ஒரு வீடியோவும் போடுகிறார்கள். ஸ்டூடியோவில் போட்டோக்களைக் கொடுத்தால் போதும். ரோஜாப்பூ சுற்றும், மேகம் நகரும், புல்லாங்குழல் அழும். யார் வீட்டுக்குப் போனாலும் அதே மேகம்தான்.

"யூனிஸுக்கு அந்தப் பூவும் மேகமும் வேண்டாம்லே" என்றார் அண்ணாச்சி. "நானே செய்யுதேன்."

மகன் கிங்ஸ்டன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். அவன் விட்டுச் சென்ற பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு எடிட்டிங் மென்பொருளை இறக்கினார். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் யூடியூபில் யாரோ ஒரு பையன் சொல்லித் தருவதைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். எங்கே அழுத்தினால் வீடியோ உள்ளே வரும், கீழே இருக்கிற நீளப் பட்டையில் அதை எப்படி இழுத்துப் போடுவது, கத்தரிக்கோல் படத்தை வைத்து எப்படி இரண்டாக வெட்டுவது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினார்.

முதல் வாரம் அவர் பண்ணிய கூத்தைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் சேர்த்துவிட்டேன் என்று பென் டிரைவில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என் கணினியில் போட்டால் பட்டை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கட்டங்கள். வீடியோ எதுவும் காணோம் என்று சொல்லியது. அவர் கொண்டுவந்தது படம் இல்லை. எந்த வீடியோவை எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டும் இருக்கிற சின்னக் கோப்பு. வீடியோக்கள் எல்லாம் அவர் வீட்டு மடிக்கணினியிலேயே பத்திரமாக இருந்தன. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"கோப்பு வந்திருக்கு, இணைப்பு வரலை" என்றார். "எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் அனுப்புவானுவ."

அதற்குப் பிறகு அந்தத் தப்பை அவர் செய்யவே இல்லை. ஏற்றுமதி என்றால் என்ன, சேமிப்பு என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுத்தார்.

சிரித்தேனே தவிர எனக்குள் ஒரு முள் இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூனிஸ் மைனிக்கு வயிற்றில் கட்டி என்பது அவர்கள் சாவதற்கு எட்டு மாதம் முன்பே, மே மாதமே தெரியும். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைனி, அவர்களுடைய தங்கை ஸ்வீட்லின், மகன் கிங்ஸ்டன், நான், என் மனைவி, இத்தனை பேருக்கும் தெரியும். அண்ணாச்சிக்கு மட்டும் தெரியாது. அதற்கு முந்தின வருடம்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. தாங்க மாட்டார், சொல்லக் கூடாது என்று மைனி எங்களிடம் சத்தியம் வாங்கினார்கள். அல்சர் என்று அவரிடம் சொல்லியிருந்தது. கடைசியில் காமாலை முற்றிவிட்டது என்று சொன்னோம். அவர் நம்பினார்.

வெள்ளிக்கிழமைதோறும் மைனியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது என் கார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்று அவரிடம் பேச்சு. வாசலில் நின்று கையசைத்து, "பைய ஓட்டுலே, ரோட்டுல மாடு கிடக்கும்" என்பார். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் ஒருவித மிடுக்குக்கூட இருந்தது.

அவர் படம் செய்வதில் எனக்குப் பயம் எதுவும் தோன்றவில்லை. பிறந்தநாளையும் கிறிஸ்துமஸையும் வீடியோ எடுப்பார்கள், ரகசியத்தை யார் எடுப்பார்கள் என்று இருந்துவிட்டேன். எல்லோருடைய போனிலிருந்தும் வீடியோக்களை வாங்கினார். ஸ்வீட்லின் அறுபது அனுப்பினாள், கிங்ஸ்டன் நூற்றுச்சொச்சம் அனுப்பினான். மைனியின் போனிலிருந்து மட்டும் இருநூற்று முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். வேறு யாராக இருந்தாலும் நாலு வினாடி பார்த்து, நல்ல இடத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளியிருப்பார்கள். இவர் ஒவ்வொன்றையும் கடைசி வினாடிவரை ஓடவிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஒரு டிக் போட்டார்.

டிசம்பர் மாதம் இரண்டாவது வாரம் காலை நடைக்கு அவர் வரவில்லை. இரண்டு நாள், மூன்று நாள். சளி என்று நினைத்தேன். நான்காம் நாள் மத்தியானம் போன் செய்து, "கொஞ்சம் வாலே" என்றார். போனேன். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனைத் தன் கையாலேயே என் காதில் மாட்டிவிட்டார்.

அக்டோபரில் எங்கள் கோயில் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் எடுத்த வீடியோ அது. ஊரே சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்குக் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து காய் வெட்டுவோம். பூசணிக்காய்க் குவியலை மைனி எடுத்திருந்தார்கள். ஒரு நிமிடம் ஓடியதும் திரை கறுத்துப்போனது. நிறுத்த மறந்து போனை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். படம் இல்லை. ஆனால் கீழே பட்டையில் ஒலிக்கோடு மட்டும் மேடும் பள்ளமுமாக நீண்டு போயிற்று.

முதலில் ஸ்வீட்லின் குரல். "அக்கா, இனியும் அத்தான்கிட்ட மறைக்கது நல்லாவா இருக்கு? டாக்டர் மூணு மாசந்தாங்காரு."

பிறகு, பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்த கிங்ஸ்டன். "சித்தி, அப்பா தாங்க மாட்டாங்க. கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

பிறகு மைனி. "அவுக காதுல விழவே கூடாது. விழுந்தா என்னைப் பாக்குத பார்வையே மாறிரும். எனக்கு அது வேண்டாம்."

பிறகு நான். "மைனி, நீங்க ஏன் கவலைப்படுதீங்க. நான் என்ன சொன்னாலும் அண்ணாச்சி நம்பிருவாக." சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறேன். மூன்று பேரும் என்கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள்.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"மத்தவுக குரல் உடனே தெரிஞ்சிட்டு" என்றார் அண்ணாச்சி. "உன் குரலைத்தான் ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். நீயா இருக்காதுன்னுதான் முதல்ல நெனச்சேன். அந்தச் சிரிப்புலதான் தெரிஞ்சுது."

"அண்ணாச்சி, மைனிதான் சத்தியம் வாங்குனாங்க. உங்க நெஞ்சுக்கு ஆகாதுன்னு..."

"ஊறுகா சாப்பிட்டதுக்கு அவளைத் திட்டியிருக்கேன்லே. அல்சர்காரிக்கு எதுக்கு ஊறுகான்னு தட்டுல இருந்து எடுத்துருக்கேன். சாவப்போறவ தட்டுல இருந்து."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும்.

"கொற்கைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா" என்றார். மைனியின் அப்பா கொற்கையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், மைனி சின்னப் பிள்ளையாக ஓடித் திரிந்த ஊர். "மூணு தடவை கேட்டா. மழை முடியட்டும்னேன். ஆத்துல வெள்ளம் போகுது, தை பொறந்ததும் போவோம்னேன். அப்போ நீ எங்கலே இருந்தே?"

பக்கத்தில்தான் இருந்தேன். அவர் வீட்டு முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டு. தை பிறக்கும்போது மைனி இருப்பார்களா என்பது சந்தேகம் என்று தெரிந்துகொண்டே, "ஆமா, ஏரல் பக்கம் ரோடு மோசம்" என்று ஒத்து ஊதினேன். மைனி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். சொல்லாதே என்று சத்தியம் வாங்கியவர்கள் அவர்கள்தான், ஆனால் அந்த நிமிடம் நான் வாயைத் திறக்க மாட்டேனா என்று அவர்கள் பார்த்த மாதிரித்தான் இன்றைக்குத் தோன்றுகிறது.

"சரி, நீ போ" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். போனை நிறுத்தத் தெரியாத மைனி மேல், கறுப்பைக்கூட உட்கார்ந்து பார்க்கிற அண்ணாச்சி மேல், செத்துப்போனவர்கள் கேட்டார்கள் என்பதற்காக இருக்கிறவரைக் குருடனாக வைத்த என் புத்தி மேல். ஸ்வீட்லினிடம் போனில் சொன்னேன். அவள் அழுதாள்.

"கூட்டத்துல எல்லார் முன்னாலயும் அதைப் போட்டுருவாகளோ? அந்தத் துண்டை மட்டும் எடுத்துர அத்தான்கிட்ட சொல்லுங்கண்ணே. போதகர் இருப்பாக, எங்க வீட்டுக்காரரு சொந்தக்காரங்க இருப்பாக."

"நான் எந்த வாயால சொல்ல?" என்றேன்.

ஸ்வீட்லின் சொல்லிக் கேள்விப்பட்ட கிங்ஸ்டன் ஒரு வாரம் முன்னதாகவே லீவு போட்டு வந்தான். அப்பாவிடம் இரண்டு தடவை பேச்செடுத்திருக்கிறான். சாப்பிட்டியா என்று கேட்டாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மடிக்கணினி இருந்த அறையை மட்டும் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டாராம். அந்த ஒரு வாரமும் நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் போன் செய்து, ஏதாவது சொன்னாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம்.

நினைவு நாள் சாயங்காலம் நாற்பது பேர் வந்தார்கள். முன்னறையில் டிவியை உயரமாக வைத்திருந்தார்கள். போதகர் ஆரம்ப ஜெபம் செய்தார். அண்ணாச்சி எழுந்து, "யூனிஸ் படம், பதினோரு நிமிசம். நானே செஞ்சது" என்று சொல்லி பென் டிரைவைச் செருகினார். ஸ்வீட்லின் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிங்ஸ்டன் கதவோரம் போய் நின்றான், வெளியே ஓட வசதியாக.

பூ இல்லை, மேகம் இல்லை, பாட்டும் இல்லை. மைனி துணி காயப்போடுகிறார்கள். மைனி பேருந்து ஜன்னலில் தலையை வெளியே நீட்டி எதையோ பார்க்கிறார்கள். கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டுகிறார்கள். அசனத்துக்குப் பூசணிக்காய் வெட்டுகிற இடம் வந்தது. ஒரு நிமிடம் ஓடியது. கறுப்பு வருவதற்குச் சற்று முன்னால் வெட்டி, அடுத்த காட்சிக்குப் போய்விட்டார். ஸ்வீட்லின் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

பயம் போனதும் எல்லோரும் செய்கிற வேலையைச் செய்தேன், என்னைத் தேடினேன். மைனியின் அறுபதாவது பிறந்தநாளில் நான்தான் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். திரையில் மைனியின் முகம் மட்டும் பெரிதாக இருந்தது, கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது, ஏற்றிய கை இல்லை. கிங்ஸ்டன் கல்யாணத்தில் மைனி யாருக்கோ சாப்பாடு ஊட்டுகிறார்கள், யாருக்கென்று தெரியவில்லை. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து நிற்கிற போட்டோவில் மைனியின் தோளில் ஒரு விரல் மட்டும் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு காட்சியையும் பெரிதாக்கி, நகர்த்தி, ஓரத்தை வெட்டி எங்களை வெளியே தள்ளியிருந்தார். பதினோரு நிமிடத்தில் பெற்ற மகன் ஒரு தடவைகூட வரவில்லை. அவர் மட்டும் ஓரிரண்டு இடத்தில் மைனிக்குப் பின்னால், ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றார்.

மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஸ்டூடியோக்காரன் தோத்தான், யூனிஸ் அம்மா மட்டும் கண்ணுல நிக்குதாங்க" என்று போதகர் அண்ணாச்சியின் கையைக் குலுக்கினார். கிங்ஸ்டன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். சாட்சி சொல்ல ஸ்வீட்லினை அழைத்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவரிடம் போனேன். பேசாமல் வந்திருக்கலாம். என் குணம், விடவில்லை.

"அண்ணாச்சி, ஒரு இடத்துலகூட நான் இல்லையே. பிள்ளையைக்கூட எடுத்துட்டீங்களே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"எட்டு மாசம் நீங்க எல்லாரும் அவகூட இருந்தீங்கல்லா, நான் இல்லாம" என்றார். "இது பதினோரு நிமிசந்தானலே."