நாலடி தூக்கிய வீடு

தரைக்குள் புதைந்துபோன வீட்டை அப்படியே மேலே கொண்டுவருகிற ஆள் அந்த நகரத்தில் ஒருவர்தான். அவர் ஜாக்கியார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கு அடியில் இரும்புச் சட்டம் செருகி, வரிசையாக ஜாக்கிகளை நிறுத்துவார். ஜாக்கிக்கு ஓர் ஆள். அவர் விசில் ஊதினால் அத்தனை கைகளும் ஒன்றாகக் கால் சுற்று சுற்றும். ஒரு கை முந்தினாலும் சுவர் வாயைப் பிளந்துவிடும். அவர் தூக்கிய வீட்டில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. இதை அவரே சொல்லிக்கொள்கிறார் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. செய்தவன் சொல்லாமல் வேடிக்கை பார்த்தவனா சொல்லுவான்?

உண்மையில் வீடுகள் தாழ்வதில்லை, தெருதான் உயர்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி ரோடு ஏறிக்கொண்டே போகும். ஜாக்கியாரின் பிழைப்பே அதில்தான். ஆனால் சொந்த வீட்டுக்கும் அதே கதி. மழை பெய்தால் கூடத்தில் செருப்பு மிதக்கும்.

"ஊரார் வீட்டையெல்லாம் தூக்கி நிறுத்துறீங்க. நம்ம வீட்டுல தவளை வாடகை குடுக்காம குடியிருக்கு" என்பார் மனைவி.

"தவளையாவது வாயை மூடிட்டு இருக்கு."

"எங்க? விடிய விடிய உங்களை மாதிரியே பெருமை அடிச்சுக்குது."

அந்தச் சமயத்தில்தான் தெரு நெடுகத் தூண் நட்டு, மேலே ரயில் விடப் போகிறார்கள் என்று அளக்க வந்தார்கள். எதிர்வரிசை முழுக்கச் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி விழுந்தது. தையல்காரர் வீடு, சைக்கிள் கடை, ஒன்றும் மிஞ்சவில்லை. ஜாக்கியார் வீட்டுக்குக் குறி இல்லை. பாலத்தின் ஓரம் மாடி அறைக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டு போகும், இடைவெளி போதும், பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாடி அறையில்தான் மகளும் மருமகனும் குடியிருந்தார்கள். ஜாக்கியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ரயிலே பார்த்து ஒதுங்கிப் போகிற வீடு என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தூண் வேலை தொடங்கியதும் பழைய சாக்கடையை அடைத்தார்கள். ரோட்டை இன்னும் உயர்த்தினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் கட்டில் காலை முழுங்கிவிட்டது. "இனிமே பொறுக்க முடியாது" என்று ஜாக்கியார் தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

அதுபோல ஒரு வேலையை அவரே செய்ததில்லை. உள்ளே மனைவி அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருக்க, வீடு ஏறியது. பால் பொங்கியது, சிந்தவில்லை. நாலடி தூக்கி, கீழே கான்கிரீட் போட்டு இறுக்கி, பள்ளத்தை மண் அடித்து மூடி, புதுப் படிக்கட்டும் கட்டினார். தெருவே கூடி நின்று பார்த்தது. ரயில்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. சொந்த வீட்டைத் தூக்க எவனைக் கேட்க வேண்டும்? அவர் தொழிலில் தரையைப் பார்த்துத்தான் பழக்கம். ஆகாயத்தை யாரும் அளந்ததில்லை.

பாலத்தின் உத்தரங்கள் இவர் வீட்டை நெருங்கியபோது பெண் இன்ஜினியர் ஒருவர் வந்தார். முக்காலியில் கருவியை வைத்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஐயா, நாங்க அளந்தப்ப இந்த மாடி இந்த உயரத்துல இல்லையே?"

"இல்லம்மா. நான்தான் தூக்கினேன். பாருங்க, ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்!"

இன்ஜினியர் கீறல் தேடவில்லை. "மாடி ரூம் பாலத்துல இடிக்குது ஐயா. எடுத்தாகணும்" என்றார்.

ஜாக்கியாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது.

"பழையபடி இறக்க முடியாதா?" என்று இன்ஜினியரே கேட்டார். "இறக்குறதுக்கு எங்கிட்ட வித்தை இல்லம்மா. கீழே எல்லாம் கான்கிரீட் போட்டு இறுக்கியாச்சு. உடைச்சா வீடே உட்கார்ந்துரும். இறக்கினாலும் கிணத்துக்குள்ள குடித்தனம் பண்ண முடியுமா?" ஜாக்கியார் தூணை அண்ணாந்து பார்த்தார். "நான் ஒத்த ஆளு, ஒரு வீட்டையே தூக்கினேன். இத்தனை மிஷின் வச்சிருக்கீங்க. உங்க பாலத்தை நாலடி தூக்கப்படாதா?"

இன்ஜினியர் சிரிக்க வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "ஆத்துல இருந்து கடைசி ஸ்டேஷன் வரைக்கும் ஒரே கோடு ஐயா. இங்க தூக்கினா எல்லா இடத்துலயும் தூக்கணும். அது என் கையில இல்ல."

"யாரு கையில இருக்கு? சொல்லுங்க, போய்ப் பாக்குறேன்."

இன்ஜினியர் ஓர் ஆபீஸைச் சொன்னார். அங்கே போனால் இன்னோர் ஆபீஸைக் காட்டினார்கள். அங்கிருந்தவர் நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தன் கையிலும் இல்லை என்றார். கடைசியில் ஜாக்கியார் எந்தக் கையையும் பார்க்கவில்லை.

மருமகன் நகரத்துக்கு வெளியே, அந்த ரயில் போய் நிற்கப்போகிற கோடியில் வீடு பார்த்துவிட்டான்.

"ரயில் விட்டா ஒரே ஏத்தம், ஒரே இறக்கம் மாமா. பக்கந்தான்."

"ரயில் எப்ப விடுவாங்க?"

"அது... விடுவாங்க மாமா."

மகள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். "நீங்களும் அம்மாவும் வந்துருங்கப்பா. அங்க தரையெல்லாம் நல்ல மேடு."

"மேட்டுல எனக்கு என்னம்மா வேலை இருக்கு?" என்றார். அது வேடிக்கையாக வருமென்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்.

பீரோவை இறக்கும்போது மட்டும் அவருக்குப் பழைய குரல் வந்தது. "இடது பக்கம் தணி... இன்னும் தணி... வை!" பீரோ பூப்போல வந்து வண்டியில் ஏறியது. வண்டி போய்விட்டது.

மாடி அறையை அறுத்தெடுக்க மிஷின் ஆட்கள் வந்தபோது, எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று சொல்லப் போனார். தலைக்கவசம் போட்டவன் மரியாதையாகவே கையெடுத்துத் தடுத்தான். "பெரியவரே, உள்ள போய் உட்காருங்க. நாங்க பாத்துக்குறோம்."

உள்ளே போய்ச் சமையலறையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே மிஷின் அலறத் தொடங்கியது. சுவரோடு சுவராக அந்த நடுக்கம் இறங்கி வந்தது. ஜன்னலுக்கு மேலே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"தூசி கொட்டுது. தள்ளி உட்காருங்க" என்றார் மனைவி.

எந்தப் பக்கம் தள்ளி உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.