கூப்பிட்டால் தெளிகிற தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தண்ணீர் நிஜமாகவே வெள்ளையாகத்தான் வந்தது. பவர்காரர் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. இதைக் கடைசி வரை பொத்தி வைத்து உங்கள் உயிரை வாங்க எனக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷர் பட்ட பாடு அவரோடு போகட்டும்.

பவர்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். மீசை முளைத்த வயதில் அந்த இருட்டு அறைக்குள் நுழைந்தவர், மீசை நரைத்த பிறகும் அங்கேயேதான் நிற்கிறார். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவில் எதிரே வருகிறவர் கண்ணை இடுக்கினால் போதும், "பவர் ஒண்ணேகால் இருக்கும், கடைப்பக்கம் வாங்க" என்பார். ஒரு சாவு வீட்டில் விம்மிக்கொண்டிருந்தவரிடம்கூடச் சொன்னார். "அவசரமில்லை, அழுகை நின்னப்புறம் வாங்க. இப்ப அளந்தா பவர் தப்பா காட்டும்." தொழில் என்றால் அப்படி ஒரு வெறி.

அவர் மனைவி வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவள். முன் அறையில் தையல் மெஷின், அதைச் சுற்றி அடுத்தவர்களுடைய சட்டைகள். அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கூப்பிட்டால் யாரும் உடனே வரமாட்டார்கள். "இதோ வர்றேன், இந்த ஓரத்தை முடிச்சிட்டு" என்று குரல் மட்டும் வரும். பாதியில் விட்டால் தையல் கோணிக்கொள்ளுமாம். கல்யாணமான நாளிலிருந்து அவர் கூப்பிடுவதும் அவள் ஓரத்தை முடித்துக்கொண்டு வருவதும் ஒரு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, ஒரு சண்டை கிடையாது.

அந்தச் சமயத்தில் கட்டிடத்தின் பழைய தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், பிளம்பர் வந்து புதுசு மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பவர்காரர் சமையலறைக் குழாயைத் திறந்து தம்ளரில் தண்ணீர் பிடித்தார். அவருடையது மட்டும் கண்ணாடித் தம்ளர். உள்ளே இருப்பது தெரியாமல் எதையும் வாயில் வைக்கமாட்டார். வீட்டில் மற்றதெல்லாம் மூடி போட்ட ஸ்டீல் பாத்திரம், அதில் மையைக் கரைத்து ஊற்றினாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

தம்ளரில் பால் நின்றது. பால் என்றால் பாலேதான்.

"இங்க வாயேன்! தண்ணி எப்படி வருது பாரு!"

"இதோ வர்றேன், இந்த ஓரத்தை முடிச்சிட்டு."

தம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று அவள் வருகிறாளா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயில் நூலைக் கடித்தபடி வந்தாள். தம்ளரைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"எங்க?" என்றாள்.

"இப்ப இருந்துச்சே!"

மறுநாளும் இதே கூத்து. அதற்கு மறுநாளும். தம்ளரைத் தூக்கிக்கொண்டு நேராக மெஷினுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் அவர் கண் பரிசோதிக்கிறவராயிற்றே! இருக்கிற இடத்தையும் வெளிச்சத்தையும் மாற்றாமல்தான் எதையும் பார்க்கவேண்டும் என்பது அவருக்கு வேதவாக்கு. சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததை முன் அறை டியூப்லைட்டில் காட்டுவதா? அதெல்லாம் அரைகுறை ஆட்கள் செய்கிற வேலை என்று அங்கேயே நின்று கத்தினார்.

கடைசியில் அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள். "ஊர் கண்ணையெல்லாம் பார்க்கிறீங்களே, முதல்ல உங்க கண்ணைப் பாருங்க."

விளையாட்டாகச் சொன்னதுதான். சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள், பவர்காரர்தான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தார். தனியாக இருக்கும்போது கண் மங்குகிறது. மனைவி பக்கத்தில் வந்தால் தெளிகிறது. இப்படி ஒரு வியாதியை அவர் கேள்விப்பட்டதே இல்லை, அதனால் பெரிய வியாதியாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினார். கண் போனால் வேலை போச்சு. வேலையாவது தொலையட்டும், இத்தனை வருஷமாக அவரை நம்பிக் கண்ணைக் காட்டியவர்கள் என்ன சொல்வார்கள்? குருடன் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டா திரிந்தோம் என்று சிரிக்கமாட்டார்களா?

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியில் தானே உட்கார்ந்தார். எதிரே எழுத்துப் பலகை. பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை மடமடவென்று படித்தார். ஒரு எழுத்து தப்பவில்லை. சந்தோஷப்படப் போனவருக்கு ஒரு சந்தேகம். கண்ணை மூடிக்கொண்டு படித்தார். அப்போதும் தப்பவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் படிக்கவைத்துப் படிக்கவைத்து அது அவருக்குத் தலைகீழ்ப் பாடமாகியிருந்தது.

மானத்தை விட்டு எதிரே இருந்த இன்னொரு கண்ணாடிக் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அண்ணே, நீங்களா? எங்க கடைக்கா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விளக்கை அணைத்தார். பலகையில் வெளிச்சம் விழுந்தது. அதே பலகை! எழுத்து மாறவில்லை, வரி மாறவில்லை. பவர்காரர் அழாத குறையாக ஒப்பித்தார். மூலையில் எறும்பு மாதிரி அச்சிட்டிருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

"உங்க கண்ணு கழுகுக் கண்ணு அண்ணே!"

"படுபாவி, எனக்கு அது மனப்பாடம்யா!" என்று எழுந்து வந்துவிட்டார். அந்தக் கடைக்காரர் தான் என்ன தப்பு செய்தோம் என்று இன்றுவரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு பவர்காரர் ஒத்திகையில் இறங்கினார். ஆமாம், குருடாவதற்கு ஒத்திகை. கண்ணை மூடிக்கொண்டு படுக்கையறையிலிருந்து சமையலறை வரை சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். முழங்கால் முழுக்க இடித்துக் கன்றி நீலம். ஒரு தடவை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"சுவர்ல ஈரம் இருக்கான்னு பார்க்கிறேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"அப்பத்தான் நல்லா தெரியும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஆனால் சாயங்காலங்களில் அவர் வேறொன்று செய்ததுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. மெஷினுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவளையே பார்ப்பார். ஊசியில் நூல் கோர்க்கும்போது அவள் உதட்டைச் சுழிப்பதை, காதோரம் நரைத்திருப்பதை, எல்லாவற்றையும் பார்ப்பார். இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வோம் என்று அவர் நினைப்பு. பாவம், வேறென்ன செய்வார்?

"யார்கிட்டயாவது சண்டை போட்டுட்டு வந்தீங்களா? எதுக்கு இப்படி முழிக்கிறீங்க?"

"நீ தை. உனக்கென்ன?"

அவளுக்கு முகம் சிவந்தது. அன்றைக்கு ஒரு சட்டையில் பொத்தானை மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள்.

அப்புறம் கடை முதலாளியம்மாவிடம் வேலையை விடப்போவதாகச் சொல்வதென்று தீர்மானித்த நாள் வந்தது. காலையில் குளித்து, தலைசீவி, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று குழாயைத் திறந்தார். தம்ளரில் அதே பால். வேறு நாளாக இருந்தால் தண்ணீரைப் பார் என்று கத்தியிருப்பார். அன்று தம்ளரைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தம்ளரைப் பிடித்தபடியே குரல் உடைந்து கூப்பிட்டார்.

"ஏம்மா… எனக்குக் கண்ணு போச்சும்மா!"

மெஷின் பாதி ஓரத்தில் நின்றது. அடுத்த மூச்சில் அவள் சமையலறையில் இருந்தாள். காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தது, மெஷின் ஊசி ஒடிந்து எங்கேயோ விழுந்தது, ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள்.

"ஐயோ! இது என்னங்க தண்ணி இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

பவர்காரருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அடிப்பாவி, உனக்குமா? உனக்கும் கண்ணு போச்சா?" என்று அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"விடுங்க! யோவ், தண்ணிதான்யா வெள்ளையா இருக்கு!"

வாழ்நாளில் அன்றுதான் அவள் அவரை யோவ் என்றது. அவர் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்ளரின் அடியிலிருந்து வெள்ளை மேலே ஏறியது. அடி தெளிந்தது, நடு தெளிந்தது, கடைசியில் மேலே ஒரு விரற்கடை வெள்ளை மிச்சமிருந்து அதுவும் போனது.

பிளம்பரை வரவழைத்தார்கள். மோட்டாரைப் பார்த்துவிட்டு அசடு வழிந்தார். "நான்தான் உறிஞ்சுற குழாய்ல ஒரு ஜாயிண்ட்டைச் சரியா இறுக்காம விட்டுட்டேன், காத்தை இழுக்குது. பொடிப்பொடிக் காத்துக் குமிழிங்க, கொஞ்ச நேரம் வச்சா கீழ இருந்து தெளிஞ்சிடும். அந்த மாதிரி தெளிஞ்சா ஒண்ணும் பண்ணாது. தெளியாமலே நின்னாலோ, அடியில மண்ணு தங்கினாலோ, வாடை வந்தாலோ குடிக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா நீங்க எப்ப வருவீங்க?" என்றாள் அவள்.

"இதோ வர்றேன்னு சொல்லுவேன்மா."

அவள் சிரிக்கவில்லை. பிளம்பர் போன பிறகு புருஷனைக் கேட்டாள். "கண்ணுன்னு பயந்துபோயிருக்கீங்க, ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"தினமும் கூப்பிட்டேனே."

அவள் முன் அறைக்குத் திரும்பினாள். ஒடிந்த ஊசியைத் தேடினாள். வெகு நேரம் தேடினாள்.

ஜாயிண்ட்டை இறுக்கியாயிற்று, தண்ணீர் சுத்தமாக வந்தது. சில நாள் கழித்து ஒரு காலையில் பவர்காரர் தம்ளரும் கையுமாக நின்றுகொண்டு, "இங்க வாயேன்" என்றார். சும்மா மெதுவாகத்தான் சொன்னார். மெஷின் சட்டென்று நின்றது. அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு வந்து நின்றாள்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. தண்ணி நல்லா வருது. சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"இதுக்கா?" என்று முறைத்தாள். அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை அவரிடமே கொடுத்தாள்.

அந்தச் சட்டையில் கை கோணிக்கொண்டது, முழுக்கப் பிரித்துத் தைக்கவேண்டியிருந்தது.