நான் பார்த்திராத நகரத்துக்கு ஆள் சேர்த்தேன்

நான் ஒருபோதும் கால் வைக்காத ஒரு நகரத்தைப் புகழ்ந்து இரண்டு வருடம் எழுதினேன். அமெரிக்காவின் நடுமேற்கில், சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன நகரம் அது. அங்கே பிறந்த இளம் ஆட்கள் எல்லாம் பெரிய நகரங்களுக்குப் போய்விட, பள்ளிக்கூட வகுப்புகள் காலியாகிக்கொண்டிருந்தன. குடும்பங்களும் தொழில்களும் வேண்டும் என்று அந்த நகரசபை வெளிநாடுகளில் ஆள் தேடியது. லண்டனில் அந்த வேலை, ஐந்து பேர் மட்டும் இருக்கும் எங்கள் விளம்பரக் கம்பெனிக்கு வந்தது. ஐந்து பேரில் நான் ஒருவன்தான் தமிழன் என்பதால், தமிழ் ஆட்களைப் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டுதான் பெரும்பாலும் எழுதினேன். ஆறு மாதப் பனியை ‘நான்கு பருவங்களையும் அனுபவிக்கலாம்’ என்று எழுதினேன். பஸ் ஓடாததை ‘வாகன நெரிசல் கிடையாது’ என்று எழுதினேன். ஒன்றும் பொய் இல்லை. எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிந்தவனுக்குப் பொய் தேவைப்படாது. அந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வெள்ளைக்காரர்கள் வரியைப் பற்றியும் வீட்டு விலையைப் பற்றியும் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் அதெல்லாம் பிறகுதான் கேட்பார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?”

இருந்தார்கள். ஒரே ஒரு குடும்பம். முன்பு லண்டனில் இருந்தவர்கள், கணவனுக்கு அங்குள்ள தொழிற்சாலையில் இஞ்சினியர் வேலை கிடைத்துப் போனவர்கள். மனைவியை நான் தொலைபேசியில் பேட்டி எடுத்தேன். வீடு பெரிது, பள்ளிக்கூடம் நல்லது, ஒரு குறையும் இல்லை என்றார். அதை அப்படியே போட்டு, கணவன், மனைவி, மகள் மூன்று பேரும் வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தையும் விளம்பரப் பிரசுரத்தின் நடுப்பக்கத்தில் போட்டேன். பேட்டி முடிந்து போனை வைக்கும்போது அவர் சொன்ன ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். “ஒரு குடும்பம் வந்தால் போதும், அண்ணை. ஒரேயொரு குடும்பம்.”

லண்டனிலேயே, ஸ்ட்ரெதமில் ஒரு குடும்பம் அகப்பட்டது. புருஷனும் பெண்சாதியுமாக ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரிக்கிற சிற்றுண்டிகள் செய்து தமிழ்க் கடைகளுக்குப் போடுகிறவர்கள். மூன்று பிள்ளைகள், இடம் போதாத சமையலறை. நகரசபையிடம் ஒரு பழைய பேக்கரிக் கட்டடம் சும்மா கிடந்தது. முதல் மூன்று வருடம் வாடகை இல்லை என்றார்கள். புருஷன் மனதால் அரைவாசி அமெரிக்காவுக்கே போய்விட்டார். குடும்பமும் தொழிலும் ஒரே வீட்டில் கிடைத்ததில் எனக்கும் கால் நிலத்தில் நிற்கவில்லை. பெண்சாதி மட்டும், “அங்கை இருக்கிற பிள்ளையோடை ஒருக்கா கதைச்சிட்டுச் சொல்லுறன்” என்றார்.

நான் முதலிலேயே அமெரிக்காவில் இருந்த அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்து, குளிரைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். “அது எனக்குத் தெரியாதோ, அண்ணை” என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஸ்ட்ரெதம் சமையலறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம். பெண்சாதி ரோல்ஸ் சுற்றிக்கொண்டே கேள்வி கேட்டார். பள்ளிக்கூடம், டொக்டர், வீட்டு வாடகை. எல்லாவற்றுக்கும் நான் எழுதியதைவிட நல்ல பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் எப்படியாவது இவர்களை வரவைத்துவிட வேண்டும் என்று கதைப்பது எனக்கு விளங்கியது. இவர் அடுத்த ரோலை எடுத்துக்கொண்டு, “மகளின்ரை பிறந்தநாள் எப்ப வந்தது?” என்றார்.

“மாசியிலை, அக்கா.”

“எத்தனை பேருக்குச் சமைச்சனீங்கள்?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நண்பர்கள் உண்டா, தனிமையாக இருக்கிறதா என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்பதில்லை. இதைத்தான் கேட்பார்கள்.

“பழக்கதோஷத்திலை நூறு ரோல்ஸ் செய்திட்டன்.”

“வந்தது எத்தனை பேர்?”

“மகளின்ரை வகுப்பிலை ரெண்டு பிள்ளையள். அவையளுக்கு உறைப்பு ஏலாது.”

“மிச்சம்?”

“ஃப்ரீசருக்குள்ளை கிடக்கு. இடைக்கிடை ரெண்டை எடுத்துப் பொரிப்பன். ஆனா நல்ல ஊர், அக்கா. உண்மையா நல்ல ஊர்.”

பெண்சாதி கையைத் துடைத்து, ஸ்பீக்கரை நிற்பாட்டி, போனோடு அறைக்குள் போய்விட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வரவில்லை. புருஷன் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, பேக்கரிக் கட்டடத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

“நாங்கள் போகேல்லை, அண்ணை. அந்தப் பிள்ளையை இஞ்சை வரச்சொல்லியிருக்கிறன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. முக்கியமாக அமெரிக்காவில் இருந்தவர் மேல். இத்தனை மாத வேலையை நூறு ரோல்ஸ் கெடுத்துவிட்டதே என்று பஸ்ஸில் வழி முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பிரசுரத்தை எடுத்து, நடுப்பக்கத்துப் படத்தைப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

அடுத்த கோடையில் மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெரிய வீட்டை விட்டு, மிச்சம் பகுதியில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. கணவனுக்குச் சம்பளம் குறைந்த வேலை. மனைவி ஸ்ட்ரெதம் சமையலறையில் ரோல்ஸ் சுற்றப் போகத் தொடங்கினார். ஆள் சேர்க்கச் சொன்ன நகரத்தில் இருந்த ஒரேயொரு தமிழ்க் குடும்பத்தையும் கிளப்பிவிட்டேன் என்பதை என் முதலாளியிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நகரசபை ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. அவர்களில் பிழை சொல்ல ஏதும் இல்லை.

மகளின் அடுத்த பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மிச்சம் பகுதியிலேயே ஒரு சேர்ச் மண்டபம். நான் போகப் பிந்திவிட்டது. வாசலில் கழற்றிவிட்டிருந்த சப்பாத்துகளைத் தாண்டி உள்ளே போகவே இடம் இல்லை. மகளின் தாய் ஒரு தட்டில் கேக்கும் வடையும் கொண்டுவந்து தந்து, “ரோல்ஸ் முடிஞ்சு போச்சு, அண்ணை. இருநூறு செய்தும் காணேல்லை” என்றார்.

பிரசுரத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மன்னிக்கவேணும் என்று தொடங்கினேன். அவர் சிரித்துக்கொண்டு கையைக் காட்டி நிறுத்தினார்.

“நல்லாத்தான் எழுதியிருந்தனீங்கள். அங்கை இருக்கேக்கை பின்னேரத்திலை எடுத்து வைச்சு வாசிக்கிறனான். வாசிக்க வாசிக்க அந்த ஊருக்கு ஒருக்காப் போகவேணும் போலை ஆசை வரும். பிறகுதான் நினைவு வரும், நான் அங்கைதானே இருக்கிறன் எண்டு.”