ஏழு இடத்தில் ஒழுகிய கார்

"...இல்லாட்டி சனிக்கிழமை அந்தக் கொழும்பாளுக்கே குடுத்துத் தள்ளிருவன். இது மூணாந் தரம், தம்பி. இனிப் பொறுக்க மாட்டன்."

டீச்சர் இதைச் சொன்னபோது நான் அவர்கள் வீட்டு முன்பக்கத்தில், காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அவருடைய செருப்பும் சேலைக் கரையும்தான். அதற்குப் பக்கத்தில் சாரத்துக்குக் கீழே இன்னும் இரண்டு கால்கள் நின்றன. அது ஐயா, டீச்சருடைய கணவர். கார் அவருடையது.

வீடு களுதாவளையில். ஐயா தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கார் இங்கிலாந்தில் செய்தது, என்னைவிட வயது கூடியது, இன்னும் ஓய்வு பெறாதது. வெளிநாட்டில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது வீட்டு முன்பக்கத்துக்கு வெள்ளை மாபிள் பதித்துவிட்டுப் போயிருந்தார். அந்த மாபிளில் கார் நின்ற இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாக ஒயில். சவர்க்காரத் தூள், சாம்பல், தேசிக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. கொழும்பில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

காரை நான் எங்கள் கராஜுக்கு எடுத்துப் போகும்போது ஐயா கேற் வரைக்கும் வந்தார். ஜன்னலுக்குள் தலையைக் குனிந்து, மனைவிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"தம்பி, இந்தக் கார் போயிற்றெண்டா நான் காலமெ எழும்பி என்னத்தத் துடைக்கிற?"

அந்தக் கேள்வியைக் காத்தான்குடி வரைக்கும் என்னோடு கொண்டு வந்தேன்.

நான் படித்த மெக்கானிக் இல்லை. கட்டாருக்குச் சாரதியாகப் போய், அங்கே ஓடாமல் கிடந்த வாகனங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கைப்பழக்கம் வந்தவன். அதனால் புத்தகத்தைவிட ஆட்கள் சொல்வதைத்தான் அதிகம் கேட்பேன். ஒயில் ஒழுகுகிறது என்று யாரும் என்னிடம் நேராகச் சொன்னதில்லை. வவுணதீவில் வயல் செய்கிற வட்டைக்காரர் ஒருவர் தன்னுடைய உழவு இயந்திரத்தைப் பற்றி, "அது வெத்திலை போட்ட கிழவி, பாஸ். போற இடமெல்லாம் துப்பும்" என்றார். வாழைச்சேனைப் படகுக்காரர் ஒருவர், "எஞ்சினுக்குச் சளி பிடிச்சிரிக்கி" என்றார். அப்படிச் சொல்வதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். துப்புகிறது என்றால் அமுக்கத்தோடு வருகிறது. சளி பிடித்திருக்கிறது என்றால் மெதுவாகக் கசிகிறது. ஐயா தன் காரைப் பற்றி முதல் தடவையே, "இதுக்கு வேர்க்குது, தம்பி. உடம்பெல்லாம் வேர்க்குது" என்று சொல்லியிருந்தார். நான் கேட்டுச் சிரித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

முதல் முறை, எஞ்சினின் மேல்மூடிக்குக் கீழே, ஒயில் கசியாமல் இடையில் வைக்கும் தக்கை கஸ்கட்டை மாற்றினேன். இரண்டு கிழமையில் அடியில் இருக்கும் ஒயில் தொட்டிப் பக்கம் ஒழுகியது. இரண்டாம் முறை அதையும் கழற்றி, புதுக் கஸ்கட் வெட்டிப் போட்டு, ஆணிகளை நன்றாக இறுக்கினேன். பத்து நாளில் முன்னால் விசிறிப் பட்டி ஓடும் இடத்தில் வந்தது. ஒரு ஓட்டையை அடைத்தால் ஒயில் அடுத்த ஓட்டையைத் தேடிப் போனது. என் மனைவி, "காரு உங்களோட ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுதா?" என்று கேட்டார்.

மூன்றாம் முறை அவசரப்படவில்லை. மண்ணெண்ணெயும் பிரஷும் எடுத்து எஞ்சினை முழுதாகக் கழுவினேன். காற்றடித்துக் காய வைத்தேன். பிறகு வீட்டில் இருந்த குழந்தைப் பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவினேன். சுத்தமான எஞ்சினில் வெள்ளைத் தூள் இருந்தால், ஒயில் புறப்படும் இடம் முதலில் கறுத்துக் காட்டும். காற்று அதைப் பின்னால் இழுத்துப் பூசுமுன் பார்த்துவிட வேண்டும்.

அப்படியே காரை ஓட்டிக்கொண்டு வாவிப் பாலத்தைத் தாண்டி, வவுணதீவுச் சந்தி வரைக்கும் போனேன். அங்கே நிறுத்தி, பொனெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு இடத்தைத் தேடி வந்தவனுக்கு ஏழு இடம் கறுத்திருந்தது. நான் புதிதாகப் போட்ட இரண்டு கஸ்கட்டும் அதற்குள் அடக்கம்.

ஏழு கஸ்கட் ஒரே நாளில் கெட்டுப்போகாது. உள்ளே இருந்து ஏதோ தள்ள வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் அளவு பார்க்கும் கம்பியை ஒரு விரல் அளவுக்கு உருவினேன். கம்பி தானாக மேலே எழும்பி, என் சேட்டில் துப்பியது. மேலே ஒயில் ஊற்றும் மூடியைத் திருகினேன். உஸ் என்று ஆவி வந்தது. மூடியைக் கழற்றியபடியே துணியொன்றைக் கட்டிவிட்டு மெதுவாகக் காத்தான்குடிக்கு வந்தேன். வந்து எஞ்சினுக்கு அடியில் கடதாசி அட்டையொன்றைப் போட்டேன். மறுநாள் காலையில் அட்டை காய்ந்தபடி இருந்தது. மூடி திறந்திருந்தால் ஒழுகவில்லை.

இந்தக் காருக்கு மூச்சு விட இரண்டு வழி. ஒன்று பக்கத்தில் கீழே இறங்கும் குழாய். அதில் சொட்டுகிறது என்று யாரோ எப்போதோ போல்ட் ஒன்றைச் செருகி அடைத்திருந்தார்கள். அதை நான் முதல் நாளே கண்டேன். சொட்டவில்லைதானே, நல்லது என்று விட்டேன். மற்ற வழி, ஒயில் ஊற்றும் மூடியின் விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகள்.

அந்த மூடியில்தான் பொட்டு இருந்தது. சந்தனம், அதற்கு மேல் குங்குமம், அதற்கு மேல் சந்தனம். எஞ்சின் சூட்டில் வெந்து பிஸ்கட் போல இறுகி, ஒரு துளை விடாமல் மூடியிருந்தது. கதை எனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கார் நின்றுபோய், டீச்சர் பிள்ளையார் சந்தனத்தை எடுத்து அந்த வட்ட மூடியில் வைத்தாராம். கார் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அவரே பொனெட்டைத் திறந்து பொட்டு வைப்பார்.

பொட்டை நான் மூன்று தடவையும் பார்த்தவன். அடுத்தவர் சாமி கும்பிட்டு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று, விளிம்பில் மட்டும் பிடித்துத் திறந்து மூடினேன். எஞ்சினைக் கழுவும்போது அது நனையாமல் இருக்க ஷொப்பிங் பை ஒன்றையும் அதற்கு மேல் கட்டினேன்! என் மரியாதையும் சேர்ந்துதான் ஓட்டையை அடைத்திருந்தது.

குழாயில் இருந்த போல்ட்டைப் பிடுங்கி எறிந்தேன். பொட்டில் கை வைக்காமல் மூடியை அப்படியே கடதாசியில் சுற்றினேன். "இத எப்பிடிச் சொல்லப் போறீங்க?" என்று மனைவி கேட்டார். "நீங்க சொன்னா வேற மாதிரி விளங்கிருவாங்க" என்றும் சொன்னார். அது எனக்கும் தெரியும். காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கிற முஸ்லிம் பாஸ் ஒருவன் போய், உங்கள் பொட்டால்தான் கார் கெட்டது என்று எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் காரைக் கொண்டுபோய் அந்த மாபிளில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. ஐயா வாசலில் நின்றார். டீச்சர் கோயிலால் வந்த கையோடு, வாழையிலைத் துண்டில் சந்தனத்தோடு நேரே பொனெட்டுக்குத்தான் வந்தார். திறந்து பார்த்தவர், "மூடி எங்க?" என்றார்.

"இந்தா, டீச்சர். நீங்களே போடுங்க. போட்டிட்டு இந்த ஒயில் பாக்கிற கம்பியக் கொஞ்சம் பிடிங்க."

மூடியைப் போட்டார். முன்பு போல்ட் அடைத்திருந்த கீழ்க் குழாயின் வாயை நான் விரலால் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கம்பி அவருடைய கையைத் தள்ளியது. டீச்சர் கம்பியைப் பார்த்தார். மூடியைக் கழற்றினார். கம்பி அடங்கியது. திரும்பவும் மூடினார். கம்பி தள்ளியது. மூன்றாம் தடவை மூடியைப் புரட்டி, மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தார்.

"அமுக்கம்" என்றார் மெதுவாக. "வெளிய போக வழியில்லாட்டி, இளக்கமான இடத்தால தள்ளிட்டு வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சன் நான்."

"எனக்கும் விளங்கல்லத்தான், டீச்சர். மூணு தரம் பாத்தனான்."

"பாத்திட்டு ஏன் துடைக்கல்ல?"

"நான் எப்பிடித் துடைக்கிற?"

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்து, அதை அடக்கினார். ஐயா இன்னும் வாசலில்தான் நின்றார். அவர் பார்வை மாபிளில் இருந்தது.

"இப்ப ஒழுகுதா?" என்றார் டீச்சர்.

"குனிஞ்சு பாருங்க."

அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "இனி வெள்ளிக்கு வெள்ளி இதிலதான்" என்று இலையில் இருந்த சந்தனத்தை நம்பர் பிளேட்டில் வைத்தார். பிறகு ஐயாவின் சேட் பொக்கெட்டில் இருந்து போனை எடுத்து, கொழும்பாளின் இலக்கத்தைத் தேடியபடி, எங்களுக்குக் கேட்காத தூரத்துக்கு, கேற்றடிக்கு நடந்தார்.