பன்னிரண்டாவது ஆள்

டோரன்ஸ் குரோவ் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்லீன் ஹோலப்பின் மீது ஒரே ஒரு புகார்தான் உண்டு. ரயில்வே கிராசிங் வந்தால் நிறுத்திவிடுவார். எல்லா பஸ்காரர்களும் நிறுத்தத்தான் வேண்டும், சட்டம் அப்படி. ஆனால் மற்றவர்கள் நிறுத்தின மாதிரி ஒரு பாவனை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வெர்லீன் நிறுத்துவார், கதவைத் திறப்பார், பிள்ளைகளை வாயை மூடச் சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். அந்தத் தண்டவாளத்தில் ரயில் போய் எத்தனையோ காலமாகிறது, இடுப்பளவு புல் முளைத்துக் கிடக்கிறது.

"என்ன மிஸஸ் ஹோலப், பேய் ரயில் வருதா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

"வந்தா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன். இப்ப வாயை மூடு."

இப்படிப்பட்ட மனுஷி ஐம்பத்தொன்பதாவது வயதில் விமானத்திலிருந்து குதிக்க ஆரம்பித்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? தொடங்கியது விளையாட்டாகத்தான். பஸ் டிப்போ நண்பர்கள் பிறந்தநாளுக்கு ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தார்கள், பயிற்சியாளரின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு தடவை குதிப்பதற்கு. கத்திக் கதறிக்கொண்டு வருவார், படம் பிடித்து டிப்போவில் மாட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. தரையைத் தொட்டதும் வெர்லீன் கேட்ட முதல் கேள்வி, "தனியா குதிக்கணும்னா என்ன பண்ணணும்?" என்பதுதான்.

கணவர் ரூடி அன்று இரவு உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "உனக்கு ஆசைன்னா போ. ஆனா விழறதா இருந்தா நம்ம சோயா வயல்ல விழுந்து தொலைக்காதே" என்றார். அவர் ஒரு நாளும் வேடிக்கை பார்க்க வந்ததில்லை. குதித்து முடித்ததும் வெர்லீன் போன் பண்ண வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மூன்று வருடம் போயிற்று. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், ஆகஸ்டில், மாநிலத்தின் அந்தக் கோடியில் நடக்கும் பெரிய குதிப்புத் திருவிழாவுக்கு வெர்லீன் முதல் தடவையாகப் போனார். அவர் வழக்கமாகக் குதிக்கும் இடத்தில் இருப்பது ஒரே ஒரு சின்ன விமானம், நடைக்கு நாலு பேர். இங்கே ஓடுதளத்தின் ஓரமாகக் கூடாரங்கள், வண்டிவீடுகள், நாய்கள், தொட்டிலில் தூங்கும் குழந்தைகள். பெரிய விமானங்கள் நடைக்கு இருபது பேரை ஏற்றிக்கொண்டு நாள் பூராவும் ஏறி இறங்குகின்றன. வானத்தைப் பார்த்தால் கலர் கலராகப் பாராசூட்டுகள். வெர்லீனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

புது ஆட்களைக் கவனிக்கும் பொறுப்பு டேரியன் என்கிற இளைஞனுடையது. வெர்லீனின் கடைசி மகனைவிடச் சின்னவன், சடை சடையாகப் பின்னிய தலைமுடி. முதல் நாள் காலை புது ஆட்களை எல்லாம் புல்வெளியில் நடத்தியே கூட்டிப்போய், எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று காட்டினான்.

"நல்லா கேளுங்க. இங்க வந்திருக்கிறவன்ல பாதிப் பேரு உங்களைவிட நல்லா குதிப்பான், பாதிப் பேரு உங்களைவிட நல்லா புளுகுவான். எவன் எதுன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது. அதனால யார் கூப்பிட்டாலும் 'எத்தனை பேரு, யாரு யாரு, என்ன பண்ணப் போறோம்'னு கேக்காம ஏறாதீங்க. உங்க வீட்டுல ரெண்டு பேரோட குதிச்சிட்டு இங்க வந்து பத்துப் பேரோட குதிக்கணும்னு ஆசை வரும். வரட்டும். ஆசைக்குத் தண்ணி குடுத்து உக்கார வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. மேல வந்தா தலையைச் சுத்திச் சுத்திப் பாருங்க. இந்த வானம் உங்க ஒருத்தருக்கு எழுதி வைக்கல. இங்க வந்து சேர முடியாதுன்னு தெரிஞ்சா, அந்தா இருக்கு பாருங்க சோயா வயல், அங்க போய்க் கௌரவமா இறங்குங்க. வண்டி வரும், கூட்டிட்டு வருவோம். எப்படியாவது இங்கயே வந்து இறங்கிடணும்னு தரைகிட்ட வந்து திரும்பினவங்களைத்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்கோம்."

கடைசியாக அவன் செய்தது வெர்லீனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கீழே காற்று எத்தனை மைல் வேகம் வரைக்கும் இருந்தால் குதிப்பேன் என்று ஒவ்வொருவரையும் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்ல வைத்தான்.

"இப்ப கால் புல்லுல இருக்கு, மூளை வேலை செய்யுது. இப்பவே சொல்லிடுங்க. மேல போய் யோசிக்காதீங்க. அங்க மூளைக்கு வேலை கிடையாது, மானம் ரோஷம்தான் பேசும். சொன்ன அளவுக்கு மேல காத்து போச்சுன்னா விமானத்துலயே உக்காந்து இறங்கி வாங்க. ஏன்னு ஒருத்தனும் கேக்கக் கூடாது. அது இங்க வழக்கம்."

"பதினைந்து" என்றார் வெர்லீன்.

"சத்தமா."

"பதினைந்து! உன் காதுல என்ன அடைச்சிருக்கு?"

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு 'பஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. டேரியனோடு மூன்று பேர், நாலு பேராகக் குதித்தார். அடக்கமாக, அழகாகக் குதித்தார். பத்திரமாக இறங்கி, பாராசூட் துணியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு நடந்து வருவார்.

சனிக்கிழமை காலையில் கோனி பிளேக் அவரைத் தேடி வந்தார். அறுபத்தாறு வயதுப் பெண்மணி, ஆயிரக்கணக்கில் குதித்தவர், பேச்சில் ஒரு அதட்டல். அறுபது வயதைத் தாண்டியவர்கள் பன்னிரண்டு பேர் வானத்தில் கைகோத்து வட்டமாக நின்றால் மாநிலச் சாதனை. பழைய சாதனை பதினோரு பேர். கோனி மூன்று வருடமாக ஆள் சேர்க்கிறார், ஒன்று மாற்றி ஒன்று தட்டிப்போகிறது. இந்த வருடம் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள், நடுவரும் வந்துவிட்டார். அன்று காலை ஒருவர் வண்டிவீட்டுப் படியில் கால் தவறி முட்டியைத் திருகிக்கொண்டார். வானத்தில் ஒன்றும் ஆகாதவர்களுக்குப் படிக்கட்டில்தான் ஆகும் போலிருக்கிறது.

"திருவிழாவுல அறுபது தாண்டினவங்க இன்னும் ஒருத்தர்தான் இருக்காங்க. அது நீதான். நீ நடுவுல இருக்கிற நாலு பேர்ல ஒருத்தி. கதவுலேருந்தே கையைப் பிடிச்சிட்டுத்தான் கிளம்புவோம். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், அசையாம இரு. மத்தவங்க உன்கிட்ட வருவாங்க."

டேரியன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டான், யார் எங்கே, யார் எப்போது பிரிவது என்று. பாதி மனசோடுதான் சரி என்றான். "பஸ், உங்க பதினைந்து அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான்.

வெர்லீனைச் சம்மதிக்க வைத்தது கோனி இல்லை, எல்வுட் ரஸ்க். எழுபத்தொன்பது வயது வெல்டர், அரை நூற்றாண்டாகக் குதிக்கிறார். வலது தோள் தேய்ந்துவிட்டது. இந்தக் கோடையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று மனைவி மேவிஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பெயர் வாங்கும்படி எதுவும் செய்ததில்லை. இந்த ஒன்றைச் செய்துவிட்டு நிறுத்த வேண்டும் என்பது ஆசை. அது முகாமில் எல்லோருக்கும் தெரியும்.

"நீ கையைப் பிடிச்சுக்கோ, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் வெர்லீனிடம். அதற்கு மேல் யாரால் மறுக்க முடியும்?

மதியம் வரை தரையில் ஒத்திகை பார்த்தார்கள். விமானம் ஏறியது. வெர்லீனுக்கு எதிரே எல்வுட். கண்ணைச் சிமிட்டினார். பாதி உயரம் போன பிறகு, காதில் கருவி மாட்டியிருந்த கோனி திரும்பிக் கத்தினார்.

"கீழ காத்து பதினெட்டு! அப்பப்ப இருபத்திரண்டு! நமக்கெல்லாம் ஒண்ணுமில்ல!"

மற்றவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. வெர்லீனின் பாராசூட்டோ பெரியது, மெதுவானது. அந்தக் காற்றில் அது முன்னால் போகுமா பின்னால் போகுமா என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்வுட்டைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவிழ்த்துவிட்டிருந்த பெல்ட்டை எடுத்து மறுபடியும் மாட்டினார்.

"நான் குதிக்கல. விமானத்துலயே வரேன்."

ஏன் என்று கேட்கக் கூடாது என்பதுதான் வழக்கம். கோனி கேட்டார். "ஒரே ஒரு தடவை, பஸ்! காத்து உன்னை என்ன பண்ணிடும்?"

"என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது, கோனி. அதனாலதான் சொல்றேன்."

"எல்வுட்டை நினைச்சுப் பாரு!"

"அவரைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றார் வெர்லீன். பெல்ட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

பதினோரு பேரும் போய்விட்டார்கள். விமானி திரும்பிப் பார்த்து, பேசினால் கேட்காது என்பதால், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வெர்லீன் காலி விமானத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

கீழே யாருக்காவது கால் முறிந்திருந்தால் கதை சொல்கிறவருக்கு வசதியாக இருந்திருக்கும். முறியவில்லை. எல்லோரும் பூ மாதிரி இறங்கினார்கள். எல்வுட் மட்டும் உட்கார்ந்தபடி புல்லில் கொஞ்ச தூரம் சறுக்கிப் போய், சிரித்துக்கொண்டே எழுந்தார். பன்னிரண்டு பேராகச் செய்யவேண்டியதைப் பதினோரு பேராகச் செய்திருந்தார்கள். அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

"நீங்க செஞ்சதுதான் சரி" என்றான் டேரியன்.

"சரின்னு எனக்கும் தெரியும் பையா. தெரிஞ்சும் எல்வுட் முகம்தான் கண்ணுல நிக்குது."

இந்தக் கூட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. எதையாவது முதல் தடவையாகச் செய்தால் எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும். முதல் பெரிய விமானம், முதல் வயல் இறக்கம், எதுவானாலும். சாயங்காலம் சோளக்கதிர் சுடுகிற இடத்துக்கு வெர்லீன் இரண்டு பெட்டி பீரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

"முதல் தடவையா விமானத்துலயே இறங்கி வந்திருக்கேன். எடுத்துக்கோங்க."

பலர் சிரித்து, கைதட்டி எடுத்தார்கள். கோனி எடுக்கவில்லை. எல்வுட் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இனிமே அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாதும்மா. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறமும் உக்காந்துட்ட."

"உங்களை நினைச்சா எனக்கு அழுகை வருது, எல்வுட். ஆனா நாளைக்கும் காத்து பதினெட்டுன்னா நான் உக்காந்துதான் இருப்பேன். பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவ நான். ரயில் வராதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்துலயும் நிறுத்தித்தான் பழக்கம். ஒரு இடத்துல விட்டுட்டேன்னா அப்புறம் எந்த இடத்துல நிறுத்துவேன்னு எனக்கே தெரியாது."

எல்வுட் பீரை முடித்துவிட்டு, இடது கையை ஊன்றி எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு காலை ஒரு இலை அசையவில்லை. நடுவர் மதியம் கிளம்புகிறார், இருப்பது ஒரே ஒரு நடைதான். கோனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வெர்லீனை மறுபடி சேர்த்துக்கொண்டார், வேறு ஆள் ஏது? காற்று மூன்று மைல் என்று மேலே செய்தி வந்தது. விமானம் உயரத்தை எட்டியது. பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது, குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. வெர்லீன் எழுந்து எல்வுட்டிடம் கையை நீட்டினார்.

எல்வுட் எழவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கப் பார்த்தார். காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை முயன்றார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"நான் குதிக்கல" என்றார்.

கோனி அவர் பக்கம் திரும்பினார்.

"நேத்தே தோள் போயிடுச்சு. இறங்கும்போது பாராசூட் கயித்தை இழுக்கவே முடியல. அதான் சறுக்கினேன். சிரிச்சு மழுப்பிட்டேன்." வெர்லீனைப் பார்த்தார். "நேத்து நீ உக்காந்ததைப் பாத்திருக்காட்டி நான் இன்னைக்கு எழுந்து குதிச்சிருப்பேன், பஸ். இத்தனை வருஷத்துல 'குதிக்கல'ன்னு சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்ல. போ. நீங்கல்லாம் போங்க. அருமையான வானம், வீணாக்காதீங்க."

சாதனை அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று. ஏன் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. கதவுக்குப் போகும் வழியில் ஒவ்வொருவராகக் குனிந்து எல்வுட்டின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கோனி அவர் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு நின்று, வெர்லீனின் தோளை ஒரு தடவை இறுக்கமாகப் பிடித்துவிட்டுக் கதவுக்குப் போனார். வெர்லீன் எல்வுட்டின் பெல்ட்டைத் தேடியெடுத்து, இடுப்பில் மாட்டி, இழுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?"

"பேசாம உக்காருங்க."

பிறகு அவர் பதினொன்றாவது ஆளாகக் குதித்தார். வாழ்க்கையிலேயே அழகான குதிப்பு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வார்.

அவர் துணியை அள்ளிக்கொண்டு நடந்து வந்தபோது விமானம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. எல்வுட் அதன் நிழலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல மேவிஸ், நடக்கல. ஆமா, நான்தான் வேண்டாம்னுட்டேன். நிஜமாத்தான் சொல்றேன். ஆமா, முழுசா வரேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வெர்லீனிடம் நீட்டினார். "உன்கிட்டப் பேசணுமாம்."

வெர்லீன் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் மேவிஸ் அழுகிற சத்தம்தான் கேட்டது. மார்பில் ஒரு மூட்டைத் துணியோடு வெர்லீனும் அழுதுகொண்டே நின்றார்.