வடக்கு அறையில் இருந்த இசைத்தட்டுகள்

என்னிடம் ஒரே ஆல்பம் பதினான்கு இருக்கிறது. அதே குழு, அதே பாட்டுகள், அதே வரிசை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்து ராக் இசை. ஒன்று இங்கிலாந்தில் அச்சானது, ஒன்று ஜெர்மனியில், ஒன்று ஜப்பானில், ஒன்று துருக்கியில். இப்படிப் பதினான்கு நாடு. இதைச் சொன்னால் ஊரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லாத்துலயும் ஒரே பாட்டுதானே அண்ணாச்சி?" ஆமாம், ஒரே பாட்டுதான். தெருவுக்குத் தெரு புரோட்டாக் கடை இருக்கும்போது நீ ஏன் இரண்டு மைல் தள்ளி ஒரு கடைக்குப் போகிறாய் என்று நானும் திருப்பிக் கேட்பேன். அதற்குமேல் பேச்சு வளராது. மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு.

ஒவ்வொரு நாட்டிலும் அந்தப் பாட்டை நாடாவிலிருந்து தட்டுக்கு மாற்றியவர் வேறு. அவருடைய காது வேறு, கை வேறு. ஜெர்மன் தட்டில் டிரம்ஸ் அடிக்கும்போது தோலின் இழுவிசைகூடத் தெரியும். ஜப்பான் தட்டில் இரண்டு பாட்டுக்கு நடுவே வருகிற மௌனம் அவ்வளவு சுத்தம். துருக்கித் தட்டு கேட்கவே சகிக்காது, தகர டப்பாவைத் தட்டியது மாதிரி இருக்கும். ஆனால் அதன் அட்டையில் இருக்கும் ஆரஞ்சு நிறம் வேறு எந்த நாட்டு அட்டையிலும் கிடையாது. எல்லாத் தட்டிலும் பாட்டு முடிந்தபிறகு ஊசி சும்மா சுற்றுகிற வழுவழுப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் கையால் கீறிய சில எண்கள் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து அதைப் படித்தால்தான் தட்டு எங்கே எப்போது பிறந்தது என்று தெரியும். எனக்கு அதில் கிடைத்த சந்தோஷம் வேறெதிலும் கிடைத்ததில்லை. கல்யாணம் ஆனவன் இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லக் கூடாதுதான்.

துறைமுகத்தில், சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். முதல் தட்டு அங்கே வந்ததுதான். வேலைக்காலம் முடிந்து இறங்கிப்போகும் ஒரு கப்பல் அதிகாரி, தன் பெட்டியில் இடமில்லை என்று என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் இன்டர்நெட் வந்தது. உலகத்தில் என்னைப் போன்ற கிறுக்கர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தது. பார்சல்கள் வரத் தொடங்கின.

தட்டைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை, தூத்துக்குடியில் வைத்துக் காப்பாற்றுவதுதான் காரியம். இந்த ஊர்க் காற்றில் புது சைக்கிளே ஆறு மாதத்தில் துருவேறிவிடும். அட்டை என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு மழைக்காலம் போதும், பூசணம் பிடித்துவிடும். அதனால், மகளைக் கட்டிக்கொடுத்து அவள் பெங்களூருக்குப் போன மறுமாதமே, வடக்குப் பக்கம் இருந்த அவளுடைய அறையை நான் எடுத்துக்கொண்டேன். ஜன்னல் இடுக்கில் எல்லாம் ரப்பர் ஒட்டினேன். ஏசி மாட்டினேன். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்றும் வாங்கி வைத்தேன். தரையிலிருந்து கூரைவரை மர அலமாரி. நடுவே ஒரே ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கரும் கேட்கிறவனும் முக்கோணமாக இருந்தால்தான் சத்தம் சரியாக வந்து சேரும். அந்த இடத்தில் ஒருத்தர்தான் உட்கார முடியும்.

என் மனைவி ஒருநாள் வாசலில் நின்று அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆதிச்சநல்லூர்ல செத்தவங்களைத்தான் இப்படிப் பானையில போட்டு வரிசையா வச்சிருக்காங்க. நீங்க உசுரோட இருக்கும்போதே அடுக்குதீய."

"ஏளா, கதவைச் சாத்து. ஈரம் உள்ள வருது."

"எனக்கு ஒரு நாற்காலி போட்டா என்னவாம்?"

"சத்தம் அதுல பட்டுத் திரும்பும்."

"என்மேல பட்டா?"

"உன்மேல பட்டாலும்தான்."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். அது சிரிப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், எங்கள் பக்கத்தில் அதில் பேச்சே கிடையாது. "அந்த ரூமை ஒழிங்க" என்று மனைவி நான்காம் மாதமே சொன்னாள். பார்க்கலாம் என்றேன். ஐந்தாம் மாதமும் பார்க்கலாம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வடக்கு அறையில் தட்டுகள் ஜில்லென்று நின்றுகொண்டிருந்தன. மகள் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவும்போது மனைவி கேட்டாள்.

"ஏங்க, ரூமை எப்ப ஒழிக்கப் போறீய?"

"மேற்கு ரூமுக்கு இன்னொரு ஏசி மாட்டிருவோம்ளா. நாளைக்கே ஆளு வாரான்."

"அந்தச் சுவத்துல உப்பு பூத்துக் கெடக்கு. கை வச்சா மாவா உதிருது."

"சுண்ணாம்பு அடிச்சிருவோம்."

"அப்ப சுண்ணாம்பு அடிச்சு உங்க தட்டை அங்கன கொண்டு வைங்க."

"அங்கன வச்சா பூசணம் பிடிச்சிரும்."

"உங்க தட்டுக்கு ஆகாத சுவரு பச்சப்பிள்ளைக்கு ஆகுமா?"

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. என் தொழிலும் என் பைத்தியமும் கற்றுக்கொடுத்த நியாயம் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"தட்டு போச்சுன்னா திரும்பக் கிடைக்காது. பிள்ளைக்கு என்ன, அது பாட்டுக்கு வளந்துட்டுப் போவுது."

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். திரும்பிப் பார்த்தால், ஃபிரிட்ஜ் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் கையுமாக மகள் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீரைக் குடித்து முடித்து பாட்டிலை உள்ளே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் என்னிடம் வந்தாள். "அப்பா, அவங்க அங்கயே வீட்டுக்குப் பக்கத்துல நல்ல ஆஸ்பத்திரி பாத்திருக்காங்களாம். நான் அங்கயே போயிருதேன். அம்மாவும் கூட வரட்டும். பிள்ளை பொறந்து மூணு மாசம் வரைக்கும்தானே." குரலில் ஒரு குற்றமும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இருவரையும் ரயில் ஏற்றிவிட்டு வந்து ஜப்பான் தட்டைப் போட்டுக் கேட்டேன். பலசரக்குக் கடை அண்ணாச்சி மட்டும் விடவில்லை. "தலப்பிரசவத்துக்கு வந்த பிள்ளைய யாராவது திருப்பி அனுப்புவாவளா?" என்றார். பெங்களூரில் வசதி அதிகம் என்றேன். அவர் தராசை இழுத்து எனக்கான சரக்கை நிறுக்கத் தொடங்கினார்.

பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாளே திரும்பிவிட்டேன். நான் இல்லாதபோது மின்சாரம் போனால் ஈர இயந்திரம் நின்றுவிடுமே என்ற கவலை. மூன்று மாதம் முடிந்தது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையை யார் பார்ப்பது? மனைவி இருந்தாள். ஆறு மாதம் ஆனது, வருஷம் ஆனது. இதைப் பிரிவு என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் காலையில் போன் வரும். "கேஸ் வந்துட்டா? மாத்திரை போட்டியளா?" வந்துவிட்டது, போட்டுவிட்டேன். அதற்குள் அந்தப் பக்கம் குழந்தை அழும். வைத்துவிடுவாள்.

வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றேன். அதற்கப்புறம்தான் வீடு எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. சோற்றை வடித்து, நேற்று வைத்த குழம்பைச் சூடாக்கி, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் மணி பதினொன்றுகூட ஆகியிருக்காது. வடக்கு அறைக்குப் போய் உட்காருவேன். பதினான்கு நாட்டில் அச்சான ஒரே பாட்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பேன். ஜெர்மன் தட்டில் கிடார் வருகிற இடத்தில், "இந்தா, இங்கனதான், கேட்டியா?" என்று சொல்ல வாய் திறப்பேன். சொல்ல ஆள் கிடையாது. பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரை ஒருநாள் வற்புறுத்திக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு நாட்டுத் தட்டைப் போட்டுக்காட்டினேன். "ரெண்டும் நல்லாருக்கு" என்றார். அந்த வருஷம் என்னை ஒருவர் பாராட்டினார் என்றால், அது போர்ச்சுகலில் இருந்து ஒரு தட்டு விற்றவர் மட்டும்தான். உடனே பதில் போடுகிற நல்ல வாடிக்கையாளர் என்று எழுதியிருந்தார். அதை நாலைந்து தடவை எடுத்துப் படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் வீடியோ காலில் பேத்தி ஓடிக்கொண்டிருந்தாள். போனைப் பிடித்துக்கொண்டு மனைவி பின்னாலேயே ஓடினாள். அந்த ஓட்டத்தில் அவர்கள் படுக்கிற அறை தெரிந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் குழந்தையின் கட்டில். அதற்குக் கீழே தரையில் என் மனைவியின் பாய். மூன்று வருஷமாக அவள் படுத்த பாய்.

மறுநாளே ஆரம்பித்தேன். பத்துப் பத்துத் தட்டாக, படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்தே மேற்கு அறைக்குக் கொண்டுபோனேன். நான்கு நாள் ஆனது. இடுப்பு போய்விட்டது. அலமாரியைக் கழற்றினேன். ஜன்னலில் ஒட்டியிருந்த ரப்பரைப் பிய்த்து எறிந்தேன். பெரிய கட்டில் ஒன்று, சின்னக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டேன். மனைவிக்குப் போன் செய்தேன்.

"ரூமை ஒழிச்சிட்டேன். கூட்டிட்டு வா."

"சந்தோசம்" என்றாள். "இப்ப பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சே. லீவு விடட்டும், பாப்போம்."

ஒரு லீவில் குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு லீவில் சம்பந்தி வீட்டில் கிரகப்பிரவேசம். எல்லாம் நியாயமான காரணங்கள். நடுவே ஐப்பசி மழை வந்து மேற்குச் சுவர் தன் வேலையைக் காட்டியது, ஈர இயந்திரத்தை அங்கே மாற்றி வைத்தும் பலனில்லை. முதலில் துருக்கி அட்டையின் ஆரஞ்சில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. அப்புறம் வரிசையாக எல்லாவற்றிலும். வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டை மட்டும் துடைத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது, எதற்கு என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

போன மாதம் மனைவியின் அண்ணன் மகனுக்கு எங்கள் ஊரிலேயே கல்யாணம். எல்லாரும் வந்தார்கள். வெளியூர் ஆட்களுக்கு மண்டபத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் போட்டிருந்தார்கள். வீட்டில் அறை தயாராக இருக்கிறது என்று நான் மகளிடம் சொன்னேன். "ஒரு நாள்தானேப்பா. முகூர்த்தம் அஞ்சரைக்கு. இங்க இருந்தா பிள்ளைய ரெடி பண்ண லேசு" என்றாள். அதுவும் நியாயம்தான். கோபமாக இருந்தால் காலில் விழுந்தாவது கெஞ்சலாம். அங்கே யாருக்கும் என்மேல் கோபமில்லை. என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

மனைவி மட்டும் பட்டுச்சேலை எடுக்க அரைமணி நேரம் வீட்டுக்கு வந்தாள். வடக்கு அறையைப் பார்த்தாள். சின்னக் கட்டிலின் விளிம்பைத் தடவினாள். "தட்டெல்லாம் எங்க?" என்று கேட்டுவிட்டு அவளாகவே மேற்கு அறைக்குப் போனாள். "அய்யய்ய, இப்படிப் பூத்துக் கெடக்கே, தொடைக்கக் கூடாதா?" என்று ஓர் அட்டையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அந்தத் தட்டுகளுக்காக அவள் வருத்தப்பட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு சேலையை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டாள்.

கல்யாணம் முடிந்த மத்தியானம், ஒரு பாக்கெட் முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு நான் லாட்ஜுக்குப் போனேன். மகளும் மனைவியும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பேத்தி கட்டிலில் உட்கார்ந்து மக்ரூனை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே எனக்கு லாட்ஜைப் பற்றிச் சொன்னாள். இந்த ரூம் அவளுடையது. எதிர் ரூம் அத்தையுடையது. கல்யாண மாப்பிள்ளை ரூமில் டிவி பெரிது.

"தாத்தா, ஒங்களுக்கு எந்த ரூம்?"

இந்த ஊரில்தான் எனக்கு வீடு இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை போல. சொல்லத் தேவை வந்திருக்காது. மனைவி மடித்துக்கொண்டிருந்த சேலை கையில் அப்படியே நின்றது.

"எனக்கு ரூம் இல்லம்மா" என்றேன்.

அவள் யோசித்தாள். "அம்மா, தாத்தாவுக்கு யாரும் ரூம் குடுக்கலையாம்" என்றாள். மகள் குனிந்த தலை நிமிராமல் பெட்டியின் ஜிப்பையே இழுத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடியிருந்தது.

பேத்தி கையில் ஒட்டியிருந்த தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தாள். தன் பக்கத்தில் விழுந்த இடத்தைக் கையால் தட்டிக்காட்டினாள்.

"நீங்க இங்கன படுத்துக்கோங்க தாத்தா."